டிரான்ஸ்பார்மர் அடியில் என் இடது காது

முடி வெட்டிக்கொண்டு கழுத்தைச் சொடுக்கிக்கொள்ளாமல் எழுந்தால் எனக்குப் பாதி வேலைதான் முடிந்த மாதிரி இருக்கும். நீடாமங்கலத்தில் நான் வழக்கமாகப் போகிற சலூன்காரர் தாடையில் ஒரு கையும் பிடரியில் ஒரு கையும் வைத்து, நான் அசந்திருக்கிற நேரம் பார்த்து வெடுக்கென்று திருப்புவார். மடமடவென்று முறியும். எழுந்து நடந்தால் தோளுக்கு மேலே தலையே இல்லாத மாதிரி லேசாக இருக்கும். அந்தச் சுகத்துக்காகவே முடி வளர்ந்ததோ இல்லையோ போய் உட்கார்ந்துவிடுவேன்.

கழுத்துக்கு நான் செய்த இன்னொரு உபகாரம் செல்போன். விவசாயத்தோடு, அறுவடைக் காலத்தில் சுற்றுவட்டாரத்துக்கு அறுப்பு மெஷின் பேசி அனுப்புகிற வேலையும் எனக்கு உண்டு. பைக்கில் போய்க்கொண்டே, போனை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகித் தலையைச் சாய்த்தபடி பேசுவேன். "தூரத்துலேருந்து பாத்தா கழுத்து ஒடிஞ்ச கொக்கு பைக் ஓட்டிட்டு வர்ற மாதிரி இருக்குங்க" என்று என் மனைவி கேலி செய்வாள்.

ஒரு கோடையில் சத்தம் வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். எங்கள் வயலில் மோட்டார் ஓடுவது கேட்டது. போர்செட் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். வயலில் பயிரே கிடையாது, தரை வெடித்துக் கிடந்தது. எவன் போட்டான் என்று எரிச்சலோடு எழுந்து போனேன்.

மோட்டார் கொட்டகை பூட்டியிருந்தது. தண்ணீர் கொட்டுகிற குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், அதிர்வே இல்லை. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டைப் பார்க்கக் குனிந்தேன், சத்தம் ஏறியது. நிமிர்ந்தேன், இறங்கியது. யாரோ என் அசைவைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தது. பின்னால் ஆள் நிற்கிறதோ என்று தலையைத் திருப்பினேன். அது வீலென்று உயர்ந்தது. பட்டப்பகலில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு ஆடுகூட இல்லாத வெட்டவெளியில், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"எந்த மோட்டாரு? காலையிலேருந்து கரண்டே இல்லையே" என்றாள் மனைவி. என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். நெருப்பில் மிளகாய் வெடித்த சத்தம் அடங்கியதும், அதற்கு அடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு இடது காதில் அது நிற்கவே இல்லை. கழுத்தைத் திருப்பினால் ஏறுகிறது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். தஞ்சாவூரில் காது டாக்டர் சோதித்துவிட்டு, கேட்கும் திறனில் பெரிய குறை இல்லை என்றார். எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு தேய்ந்திருந்தது. பிசியோதெரபி செய்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் எடுத்த எடுப்பில் கேட்டாள்: "கழுத்தத் திருப்புனா சத்தம் மாறுதா சார்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியென்றால் இது எனக்கு மட்டும் நடக்கிற மாயம் இல்லை.

"சிலருக்குக் கழுத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம். உங்களுக்கு அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா சொடக்கு எடுக்கறது இனிமே கூடவே கூடாது. போனையும் கையில புடிச்சுப் பேசுங்க."

பயிற்சி செய்யச் செய்ய வலி குறைந்தது. சத்தமும் கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. ஆனால் ஒரு உபாயம் கிடைத்தது. மோட்டார் சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். ஏறினால் அது என்னுடையது. ஏறாவிட்டால் நிஜ மோட்டார். இந்தக் கணக்கை மனைவியிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

ஐப்பசியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. சம்பா நட்டு வேர் பிடிக்கிற சமயம். பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது. வடிய விடாவிட்டால் அழுகிவிடும். காலையில் மழை சற்று விட்டதும் இருவரும் ஓடினோம். ரோட்டோரம் டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து போகும் கம்பி ஒன்று அறுந்து எங்கள் வயல் தண்ணீருக்குள் கிடந்தது.

நான் தயங்கினேன். "ராத்திரியிலேருந்து ஊருக்கே கரண்ட் இல்ல. இதுல மட்டும் எங்கேருந்து வரும்?" என்றாள் அவள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் போடுகிற கணக்கு அதுதான். வீட்டில் விளக்கு எரியவில்லையென்றால் வயல் கம்பியும் செத்த கம்பி. மண்வெட்டியோடு வரப்பில் இறங்கிப் போனவள் திரும்பிக் கேட்டாள்: "டிரான்ஸ்பார்மர் இரையுதா, கேட்டுச் சொல்லுங்க!"

கரண்ட் இருந்தால் டிரான்ஸ்பார்மர் மெல்ல இரையும். அதன் அடியில் நின்றேன். "உம்" என்று கேட்டது. கழுத்தைத் திருப்பினேன். ஏறியது. அப்படியானால் என்னுடையது. கரண்ட் இல்லை. சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தண்ணீரில் வைக்க ஒரு காலைத் தூக்கிவிட்டாள். அப்போதுதான் வயலில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை என்று தோன்றியது. உண்மையாகவே கத்தவில்லையா, என் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையா?

"இருக்கு! கால வைக்காத!"

"உங்க காதா இருக்கும்!" என்று சிரித்தாள். நான் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படிப் பேசியதில்லை. கோபத்தில் மண்வெட்டியை எறிந்துவிட்டு ரோட்டுக்கு ஏறி வந்தாள்.

லைன்மேன் வந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. வயல் லைன் வேறு பக்கத்திலிருந்து வருகிறதாம், நிறுத்தவே இல்லையாம். அவர் நிறுத்திய பிறகு தண்ணீரை வடித்தோம். கம்பியைச் சுற்றிக் கெண்டைக் குஞ்சுகளும் இரண்டு தண்ணீர்ப் பாம்புகளும் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

அன்றிலிருந்து ஊரில் என் காதுக்குத் தனி மரியாதை. நமக்கெல்லாம் கேட்காதது அவருக்குக் கேட்கும் என்று என் மனைவியே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்று எனக்கு எதுவும் தெரியவில்லை, பயத்தில் கத்தினேன், அவ்வளவுதான் என்று அவளிடம் பலமுறை சொல்லிவிட்டேன். தன்னடக்கம் என்கிறாள்.

மழையில் எங்காவது கம்பி அறுந்தால் ஆள் வந்துவிடுகிறது. "அண்ணே, கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லுங்க, மத்தவங்கல்லாம் எறங்கக் காத்திருக்காங்க." போகாவிட்டால் இறங்கிவிடுவார்கள். அதனால் போகிறேன். டிரான்ஸ்பார்மர் அடியில் நிற்கிறேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். அந்த அமைதியில் எனக்குள் ஓடுவது மட்டும்தான் கேட்கிறது. அதற்கு அடியில் வேறு ஏதாவது இரைகிறதா என்று எனக்கு எப்போதுமே தெரிவதில்லை.

"இருக்கு" என்கிறேன். "லைன்மேன் வர்றவரைக்கும் யாரும் கால வைக்காதீங்க."

இல்லை என்று இதுவரை நான் சொன்னதே கிடையாது.