இணைப்பில் இருக்கும் கருவிகள்

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். ஏற்காட்டு பர்ஹானாவின் கதையும் அதுதான். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர் அவளைப் போனில் கூப்பிட்டு, எங்கள் வீட்டு நெட் நகரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புவார்கள், திட்டுவார்கள், சிலர் சபிக்கவும் செய்வார்கள். வீட்டு முன்னறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் அத்தனை பேருக்கும் வைத்தியம் சொல்வாள். அப்படிப்பட்டவளின் வீட்டு நெட்டே ஒன்றரை மாதமாக நொண்டியடித்துக்கொண்டிருந்தது.

வைத்தியம் பெரிய வித்தையொன்றும் இல்லை. கம்பெனி கொடுத்த தாளில் வரிசையாக அச்சடித்திருக்கிறது. முதலில் நெட் பெட்டியை அணைக்கச் சொல்ல வேண்டும். முப்பது விநாடி காத்திருக்கச் சொல்ல வேண்டும். "நான் லைன்லயே இருக்கேங்க" என்று மறக்காமல் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். அந்த முப்பது விநாடிக்குள் ஜனங்கள் என்னென்னவோ சொல்வார்கள். மருமகள் மதிப்பதில்லை, மகன் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டான், முழங்கால் வலி. முன்பெல்லாம் பர்ஹானா அதையெல்லாம் ஆசையாகக் கேட்பாள், வேலை முடிந்ததும் அம்மா பரிதாவிடம் நடித்துக் காட்டுவாள். இப்போது ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணுவதோடு சரி.

வயது முப்பத்திநான்கு. சேலத்தில் பி.காம். படித்தவள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று பரிதா ஒருநாளும் கேட்கவில்லை. தட்டு வைத்துச் சோறு போட்டாள், அவ்வளவுதான். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா உசேன், படகுத் துறைக்குப் போகிற வழியில் குல்லாயும் ஸ்வெட்டரும் விற்கிறவர். வீட்டில் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

நாற்பத்தாறு நாளைக்கு முன்னால் ஒரு காலையில் பரிதா அடுப்படியில் சாய்ந்தாள். காரில் மலை இறங்கி முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. பர்ஹானா அழவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள், கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். பர்ஹானாவுக்கு அதில் கோபம்கூட வரவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, பனி கொட்டினாலும் குளிர் உறைக்கவில்லை. ஆபீசில் வீட்டு வேலை என்று பொய் சொல்லி மூன்று நாள் லீவு எடுத்தவள், நான்காம் நாள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அம்மாவின் பின்னறைக்குள் மட்டும் இன்றுவரை காலெடுத்து வைக்கவில்லை. அத்தாதான் இப்போது அங்கே படுக்கிறார்.

அதற்குப் பிறகுதான் நெட் இப்படி ஆனது. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் துண்டு துண்டாக உடையும். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். "ஏனுங்க, உங்க நெட்ட மொதல்ல பாருங்க" என்றார் ஒருவர். சேலத்து ஆபீசில் சூப்பர்வைசராக இருக்கும் சௌமியா இரண்டு தடவை பொறுத்துக்கொண்டு மூன்றாவது தடவை கெடு வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீசிலிருந்தே வேகத்தைச் சோதிப்பார்கள். குறைந்தது பதினைந்து எம்.பி. வேகம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திங்கள் முதல் சேலத்துக்கு வந்து வேலை பார்க்க வேண்டும். வேலை முடிய இரவு ஒன்பது மணி. அதற்குப் பிறகு மலையேற பஸ் கிடைக்காது, ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். அத்தா இந்த வீட்டில் தன்னந்தனியாகக் கிடப்பார்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து உசேன் வந்து பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று மணிக்கு, அவள் வீட்டுக்கு நெட் கொடுக்கும் கம்பெனியின் லைன்மேன் ஆண்டனி ராஜ் மூச்சிரைக்க வந்தான்.

"நாகலூர்ல மிளகு பறிக்கறவங்க ஏணிய நம்ம வயரு மேலயே சாத்திட்டாங்கக்கா, அதைக் கட்டிட்டு வர நேரமாயிருச்சுங்க."

மீட்டரைச் செருகிப் பார்த்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"லைனு சுத்தமா இருக்குதுங்க. பெட்டி வரைக்கும் முப்பது வருது, உங்க லேப்டாப்புக்கு நாலுதான் போவுது. ஊட்டுக்குள்ளயே ஆரோ தின்னுட்டு இருக்காங்க."

"ஊட்டுல நானும் அத்தாவுந்தான். அவருகிட்ட பட்டன் போனுதானே இருக்குது."

"ஊருக்கே சொல்லித் தர்றவங்க நீங்க. உங்களுக்கு நான் சொல்லோணுமாக்கா?" என்று சொல்லிவிட்டு அவன் கிளியூர்ப் பக்கம் இன்னொரு வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

அவன் சொன்னது சரிதான். தாளில் நான்காவது கேள்வி அதுதான்: உங்கள் வீட்டில் எத்தனை கருவிகள் இணைப்பில் இருக்கின்றன? ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டியலைத் திறந்தாள். மூன்று வரிகள் இருந்தன. முதலாவது அவள் லேப்டாப், இரண்டாவது அவள் போன். மூன்றாவது வரியில் 'அம்மா' என்றிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ரமலானில் அந்தப் போனை வாங்கிக் கொடுத்து, அவளே வைத்த பெயர். பர்ஹானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். தோன்றவில்லை. புழக்கத்தில் இல்லாத கருவியைத் தடுத்துவிடவும் என்று தாள் சொல்கிறது. தடுத்தாள். வேகத்தைச் சோதித்தாள். நாலாக இருந்த வேகம் இருபத்தெட்டாக ஏறியது. மணி மூன்று முப்பத்தைந்து.

பின்னறைக் கதவு திறந்தது. உசேன் பரிதாவின் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சார்ஜர் ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

"கண்ணு, மக்கா நின்னு போச்சு."

கஅபாவிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் வருகிற நேரலை. பரிதா இரண்டு தடவை ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்தும் குலுக்கலில் விழவில்லை. கண்ணாலாவது பார்த்துக்கொள்கிறேன் என்று இதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"எத்தன நாளா ஓடிட்டு இருக்குதுங்கத்தா?"

"அவ போன அன்னிக்குக் காத்தால போட்டது. நான் அணைக்கவே இல்ல. அணைச்சா மறுபடி கொண்டாரத் தெரியாது எனக்கு. அதான் சார்ஜைக்கூடப் புடுங்காம வெச்சிருந்தேன்." பிறகு, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல, "ஒங்கம்மா மட்டும், நீ அதைக் காதுல மாட்டுனதும் அணைச்சுப் போடுவா. ராத்திரி நீ கழட்டுனப்புறந்தான் மறுபடி போடுவா. ஏன்னு நான் கேட்டதில்ல கண்ணு" என்றார்.

பர்ஹானாவும் கேட்டதில்லை. அவளுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மூன்று வருஷமாக லைன் அருமை என்று நினைத்துக்கொண்டு ஆண்டனி ராஜின் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் குத்தியிருக்கிறாள், அசடு.

போனைக் கையில் வாங்கினாள். உறையின் ஓரத்தில் மஞ்சள் தூள் கறை இருந்தது. பட்டியலில் 'அம்மா'வுக்குப் போட்ட தடையை நீக்கினாள். போனை அணைத்தாள். அப்பாவும் மகளும் நின்றபடியே முப்பது விநாடி காத்திருந்தார்கள், அவள் எண்ணவில்லை. போன் உயிர்பெற்றதும் நேரலையைத் திறந்து, படத்தின் தரத்தை இருப்பதிலேயே கீழே இறக்கி வைத்தாள். போனைப் பின்னறைக்குக் கொண்டுபோகாமல் பெட்டிக்குப் பக்கத்தில், முன்னறை அலமாரியிலேயே சாய்த்து நிறுத்தி, அத்தாவுக்கு நாற்காலி போட்டாள். படம் கலங்கலாக வந்தது. வெள்ளையும் கறுப்புமாக ஏதோ நகர்ந்தது.

உசேன் குனிந்து பார்த்தார்.

"அங்கயும் பனி எறங்கிருச்சாட்ட இருக்குது கண்ணு."

"ஆமாங்கத்தா. கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்."

"அதுக்கென்ன, ஓடுனாப் போதும்."

நாலு மணிக்குச் சோதித்தார்கள். பதினேழு காட்டியது. சௌமியாவுக்கே நிம்மதி, குரலில் தெரிந்தது.

"தப்பிச்சீங்க பர்ஹானா. என்ன கோளாறுன்னு எழுதணும், சொல்லுங்க."

"பழைய போனு ஒண்ணு இணைப்புல இருந்துச்சுங்க மேடம்."

"எடுத்துட்டீங்கல்ல?"

"இல்லைங்க. இருக்குது."

"யாரோடது?"

"எங்கம்மாவோடதுங்க."

"அட, வேலை நேரத்துல மட்டும் அணைச்சு வைங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்களேன். பொண்ணுக்காக இதைக்கூடவா செய்ய மாட்டாங்க?"

"செஞ்சாங்க மேடம்" என்றாள் பர்ஹானா. "மூணு வருசமா அணைச்சுத்தாங்க வெச்சிருந்தாங்க." அடுத்த வார்த்தையை முந்திக்கொண்டு வந்தது அழுகை. நாற்பத்தாறு நாள் எங்கே கிடந்ததோ, மூக்கிலும் வாயிலும் வந்தது. ஹெட்செட்டோடு மேசையில் கவிழ்ந்து அழுதாள். உசேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் கையை வைத்தார்.

"ஹலோ? பர்ஹானா? என்னாச்சு?"

"மௌத்தாயிட்டாங்க மேடம். நாப்பத்தாறு நாளாச்சுங்க."

சௌமியா லைனை வெட்டிவிடுவாள் என்றே பர்ஹானா நினைத்தாள். ஆனால் அந்தக் குரல் மெதுவாக, ஒரு துண்டும் உடையாமல் வந்தது.

"நீங்க அழுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அன்றைக்கு முப்பது விநாடிக்கு வெகுநேரம் மேலேயே ஆனது.