பதினோரு நிமிடம் நிற்கவும்

பினாயில்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவர் காலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கண் பிறவியிலேயே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்போடு ஒரு பெரிய கும்பிடு. அதற்குப் பிறகு யார் கையையும் பிடிக்காமல், தோளில் பாட்டில் பை, கையில் வெள்ளைக் கோல் என்று இருபத்தாறு வருஷம் படிப்படியாக ஏறி இறங்கிப் பினாயில் விற்றார். சொந்த வீடு கட்டினார், மகளைப் பட்டம் வாங்க வைத்தார், மருமகனையும் வீட்டோடு வைத்துக்கொண்டார். சிபாரிசுக் கடிதத்தால் முன்னுக்கு வந்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். காலால் நடந்தே முன்னுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். இதை அவரே சொல்லுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். சொல்லிக்கொள்ளத் தகுதி இருக்கிறவன் சொல்லிக்கொள்வதில் என்ன தப்பு?

ஒரு நாள் பார்வையற்றோர் சங்கத்துக்குக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். கண் தெரியாதவர்களுக்கு நடக்கும்போதே வழி சொல்லுகிற ஆப் செய்கிறார்களாம். "உங்கள்ல நல்லா நடக்கறவர் யாருங்க?" என்று கேட்டார். சங்கத்துச் செயலாளர் வாயைத் திறப்பதற்குள் நம்மவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தான். வேற யாரு?"

கம்பெனிக்காரர் ஒரு ஃபோனை அவர் சட்டைப்பையில் போட்டார். "பத்து நாள் வழக்கம்போல நடங்க. நீங்க போற மாதிரியே இது கத்துக்கும்."

"என் நடையை இது தாங்குமா? பேட்டரி மூச்சு வாங்கப் போவுது."

பத்து நாளும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். போகிற வாசலில் எல்லாம் ஒரே பேச்சு: "இனிமே இந்த ஊர்ல கண் தெரியாதவன் எவன் நடந்தாலும் என் காலாலதான் நடப்பான்."

கம்பெனியில் அந்தப் பத்து நாள் நடையைத் திரையில் விரித்துப் போட்டு ஏழு பட்டதாரிகள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். சில இடங்களில் இவர் தினமும் நிற்கிறார். ஏன் நிற்கிறார்? கேட்டிருந்தால் ஒரு ஃபோன் செலவு. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கா அவ்வளவு படித்தார்கள்? "இவ்வளவு கெட்டிக்காரரே நிற்கிறார் என்றால் அங்கே ஆபத்து இருக்க வேண்டும்" என்று தீர்மானித்து, அந்த இடங்களுக்கெல்லாம் 'பாதுகாப்பு நிறுத்தம்' என்று பெயர் வைத்து, அப்படியே ஆப்புக்குள் ஏற்றிவிட்டார்கள்.

ஆப்பைத் தொடங்கி வைக்கும் விழாவுக்கு நம்மவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மேடையில் பேச வேண்டியதை வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தவர், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் பேச்சோடு சேர்ந்து விழுந்தார். கணுக்கால் பிசகியது, நெற்றியில் ஐந்து தையல். விழா நிற்கவில்லை. பெரிதாக அச்சடித்த அவருடைய படத்தை வைத்து நடத்திவிட்டார்கள். படத்தைப் பார்த்த சிலர், ஆள் போய்விட்டார் என்று நினைத்து ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்களாம்.

மகள் கோலைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தாள்.

"இனிமே தனியா எங்கயும் போகக்கூடாதுப்பா. நீங்க விழுந்ததை யாரோ வழியில போறவர் ஃபோன் பண்ணித்தான் எனக்குத் தெரியும். நான் அங்க ஓடி வந்த அந்த அஞ்சு நிமிஷம் எப்படி இருந்துச்சு தெரியுமா?"

ஆறு வாரம் வீட்டுக்குள் கிடந்தார். கால் சரியாகிவிட்டது, ஆள் சரியாகவில்லை. குக்கர் விசில் எண்ணிக்கையில் குற்றம், மருமகன் செருப்பை விடும் இடத்தில் குற்றம். நடக்காத பினாயில்காரர் மூடி திறந்த பாட்டில் மாதிரி; வீடு முழுக்க நெடி. கடைசியில் மருமகன்தான் மனைவியிடம் கெஞ்சினான்: "உங்கப்பாவை வெளிய விடு. இல்லன்னா நான் போயிடறேன்."

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு நாள் நான் பின்னாலயே வருவேன். அந்த ஆப் சொல்றபடிதான் நடக்கணும். ஒரு இடத்துல அது தப்புன்னு தெரிஞ்சாலும் முடிஞ்சுது. கோல் திரும்பப் பீரோ மேல போயிடும்."

"தப்பா? அது என் காலும்மா. என் காலு தப்பு பண்ணாது."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புறப்பட்டார்கள். ஃபோன் ஒயரைக் காதில் வைக்கக்கூடாது, தானும் கேட்க வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். சட்டைப்பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி, "நாற்பது அடி நேராகச் செல்லவும்" என்றது.

"என் வழியை எனக்கே சொல்றியா தாயே? சொல்லு, சொல்லு."

தையற்கடை வாசலில் குரல், "பாதுகாப்பு நிறுத்தம். நான்கு நிமிடம் நிற்கவும்" என்றது. உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது.

"அண்ணே! ஆறு வாரமா ஆளையே காணோமே! அடுத்த மூலையில ஜல்லி கொட்டியிருக்கான், எதிர்ப்பக்கமா போங்க."

மகள் தையற்காரரைக் கேட்டாள். "தினமும் இங்க நிப்பாரா?"

"நிக்காம? ரோட்டுல என்ன கெடக்குன்னு நான் சொல்லுவேன். வீட்டுல என்ன நடக்குன்னு அவர் சொல்லுவாரு."

"வீட்டுல நடக்கறதையா?"

"விழுந்த அன்னிக்கு மட்டும் நிக்கலம்மா. பள்ளம் தோண்டியிருக்குன்னு கத்தினேன். மனுஷன் தனியா சொற்பொழிவு பண்ணிக்கிட்டே போயிட்டாரு."

மகளின் செருப்புச் சத்தம் சற்று நெருங்கி வந்தது.

கொஞ்ச தூரத்தில், "எதிர்ப்பக்கம் செல்லவும். ஒரு வீடு கடந்ததும் இப்பக்கம் திரும்பவும்" என்றது ஃபோன்.

"ஒரு வீட்டுக்காக எதுக்குப்பா ரெண்டு தடவை ரோட்டைத் தாண்டறீங்க?"

"கடிநாய் இருக்கு."

நாய் குரைக்கவில்லை. மாடியிலிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள். "பினாயில்காரரே, நில்லும்யா! போன தடவை குடுத்தது தண்ணில ஊத்தினா வெளுக்கவே மாட்டேங்குது!"

"கேட்டியா, குரைக்குது" என்று முணுமுணுத்துவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

அதற்கு அடுத்த திருப்பத்தில் வெண்ணெய் வாசனை வந்தது. இத்தனை வருஷம் இந்த வாசனைக்கு வேகமாகிற கால், இன்று பின்வாங்கியது.

"வலப்புறம் மூன்று படி ஏறவும். பாதுகாப்பு நிறுத்தம். பதினோரு நிமிடம் நிற்கவும்."

பேக்கரி. எட்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் அவர் காபிக்குச் சர்க்கரை டப்பாவைத் திறப்பதே கிடையாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் காலால் கெட்டார்.

படியில் ஏற்கெனவே இரண்டு பேர் கோலோடு நின்றிருந்தார்கள். இருவரும் சங்கத்து ஆட்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், மற்றவர் பாட்டு வாத்தியார்.

"யாருங்க வந்தது? நீங்களும் ஆப்பா?" என்றாள் ஆபரேட்டர். "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு, ஒதுங்கி நில்லுங்க. நாலு நாளா இந்த நிறுத்தத்தால வேலைக்கு லேட்டு. ஆபத்தான இடம்னு மேலதிகாரிக்கு எழுதியே குடுத்திருக்கேன்."

"ரயில்வே கேட் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் வாத்தியார்.

"ரயில் சத்தமே வரலியே?"

"அதான் ஆபத்து."

மகள் அவர் காதருகே வந்தாள். "அப்பா, இங்க என்ன ஆபத்து?"

அவர் கணக்குப் போட்டார். ஆப் தப்பு என்று சொன்னால் எட்டு வருஷ ரகசியம் தப்பும், கோல் பீரோ மேல் போகும். சரி என்று சொன்னால் கோல் ஒருவேளை கையில் நிற்கும், மானம் போகும். மானத்தை அவர் கொஞ்சமாகவா சேர்த்து வைத்திருந்தார்? ஆனால் மானத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில்தான் உட்கார முடியும்.

"ஆப் சரியாத்தான்மா சொல்லுது. பத்து நாளும் பதினோரு நிமிஷம் நான் இங்க நின்னேன். படியில இல்ல, உள்ள. கையில தட்டோட."

"தட்டுல?"

"கிரீம் கேக்."

"அப்ப ரயில் இல்லையா?" என்றார் வாத்தியார்.

"நாலு நாளு!" என்று ஆபரேட்டர் கோலால் படியைத் தட்டினாள். "நீங்க கேக் தின்ன நேரத்துக்கு நான் வெயில்ல நின்னிருக்கேன்!"

"மருந்து வேலை செய்யலன்னு மூணு டாக்டரை மாத்தினேன்ப்பா. ஒருத்தரைத் திட்டியே விட்டேன்" என்றாள் மகள்.

அவர் தலை குனிந்தார். அந்தத் தலை குனிந்து பழக்கமில்லை.

"தப்பு சொன்னா நிறுத்தணும்னுதான் சொன்னேன். அது தப்பு சொல்லல. நீங்களும் கடைசியில பொய் சொல்லல" என்றாள் மகள். "நடங்க. ஆனா தையல்கடையில நிக்காம ஒரு அடி தாண்டக்கூடாது. இந்தப் படியில ஒரு நிமிஷம்கூட நிக்கக்கூடாது." சொல்லிவிட்டு, அவளே படியேறிப் பேக்கரிக்காரரிடம் பேசப் போனாள். பேச்சில் பாதி திட்டு.

அன்று மாலையே நம்மவர் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். நிறுத்தத்தை எடுக்க வேண்டுமானால் அங்கே ஆபத்து இல்லை என்று நிபுணர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். நிபுணர் யார் என்று கேட்டார். "நீங்கதான் சார்" என்றார்கள். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 'அங்கே யாருக்கும் ஆபத்து இல்லை' என்றார் அவர். 'என் அப்பாவைத் தவிர' என்று அவளாகச் சேர்த்து, வாசித்தும் காட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்தார்.

கம்பெனிக்காரர்கள் காகிதத்தில் இருப்பதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர்கள். இப்போது மற்றவர்கள் ஃபோன் அந்தப் படியருகில் வாயே திறப்பதில்லை. அவர் ஃபோன் மட்டும் சத்தமாக, "நிற்காமல் செல்லவும். நிற்காமல் செல்லவும்" என்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கும்.

அவர் பெருமையாக நடையைப் போடுவார். "எனக்குன்னு தனியா ஒரு வார்த்தை போட்டு வெச்சிருக்கான் கம்பெனிக்காரன். இந்த ஊர்ல வேற எவனுக்கு இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"