முப்பது தடிப்பா, ஐம்பது தடிப்பா: மங்கு முகத்தோடு மடத்துக்குளம் வரை

கன்னத்தில் மங்கு விழுந்து மூன்று மாதமாக மருந்து போடுகிறேன். கருமை இப்போதுதான் குறையத் தொடங்கியிருந்தது. வெயில் பட்டால் பழையபடி ஏறிவிடும், சன்ஸ்கிரீன் பூசாமல் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து மடத்துக்குளத்தில் தங்கையின் புதுவீட்டுப் புண்ணியார்ச்சனை. மே மாதம், திருப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் சுமார் எழுபது கிலோமீட்டர்.

சன்ஸ்கிரீன் வாங்கப் போன மருந்துக்கடையில் தலை சுற்றியது. எஸ்பிஎஃப் முப்பது என்று ஒன்று, ஐம்பது என்று ஒன்று. பக்கத்தில் பிஏ, அதன் பின்னால் முப்பதில் இரண்டு கூட்டல் குறி, ஐம்பதில் நான்கு. எதோடு எதைக் கூட்டுவது? வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் நூலும் துணியும் பார்த்து வாங்குகிறவர். டியூபைத் திருப்பிப் பார்த்ததும் முடிவே சொல்லிவிட்டார்.

"அம்பது மெல்லிசு கண்ணு. முப்பதுதான் தடிப்பு. வெயிலத் தாங்கோணும்னா முப்பதே எடுத்துக்க."

நூலில் அப்படித்தான், எண் ஏற ஏற இழை மெலியும். நானும் இந்த ஊர்க்காரிதானே, நம்பி முப்பதை வாங்கினேன்.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பல்லடம் தாண்டியதுமே கன்னம் எரிந்தது. உடுமலைப்பேட்டையில் டீ குடிக்க இறங்கியபோது பக்கத்து மருந்துக்கடைப் பெண்ணிடம் டியூபை நீட்டினேன்.

"ஏனுங்க, இது தடிப்புதானுங்களே?"

"தடிப்பு மெல்லிசெல்லாம் இல்லீங்க. நம்பர் பெருசானா காப்பும் பெருசுங்க. ஆனா முப்பதுக்கும் அம்பதுக்கும் ரொம்ப வித்தியாசமில்லீங்க. கூட்டல் குறி வேற கணக்கு, அது கறுக்கறதத் தடுக்கறதுங்க. மங்குக்கு நாலு இருக்கறதுதான் நல்லது. எவ்வளவு பூசுனீங்க?"

கடுகளவு என்றேன்.

"ரெண்டு விரல் நீளத்துக்குப் பூசோணுங்க. வெயில்ல இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா."

எண்ணா, குறியா, அளவா, எது என் கன்னத்தைக் கெடுத்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. இந்தப் பாதையில் போகிறவர்கள் கிளம்ப இருபது நிமிடம் முன்பே தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள், முகத்தைத் துப்பட்டாவால் மூடுங்கள். மங்கு இருந்தால் ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, வாசலில் நின்று கறுத்திருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். இரண்டு துணியை வெளிச்சத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவருக்கு அன்றாட வேலை. இல்லை என்று ஒரு பொய் சொல்லமாட்டாரா என்று இருந்தது. முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"ஒரு ஷேட் ஏறீருச்சு கண்ணு."