கடலைப் பார்த்து நின்றவனின் நிழல்

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒரு படிவம் வரும். 'வகுப்பில் திறன்மிக்க மாணவியர் பத்துப் பேரைப் பரிந்துரைக்கவும்' என்று மேலே எழுதியிருக்கும். அதை நிரப்ப எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. நோட்டுக்கு மடிப்புக் கலையாமல் அட்டை போட்டவள், கையெழுத்து முத்து முத்தாக இருப்பவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவள் என்று பெயர்கள் தாமாக வந்து விழும். நானும் அப்படித்தான் ஒரு காலத்தில் திறமைசாலி ஆனேன்.

திருவொற்றியூரில் எட்டாம் வகுப்பு படித்தேன். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் முகத்துவாரக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் நைனா கடலுக்குப் போகிறவர். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாளில் பஸ் நகராது. அவள் முதல் பீரியட் முழுக்க வாசலில் நிற்பாள். வாரத்தில் நாலு நாள் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மத்தியானம் அவள் டப்பாவிலிருந்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு எனக்கு வரும், என் அம்மா கட்டித்தந்த சாம்பார் சாதம் அவளுக்குப் போகும். அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் சாப்பிட்டுவிட்டேன், அந்த ருசி எங்கும் கிடைக்கவில்லை. அவள் விரலில் ஒட்டிய எண்ணெய் நோட்டிலும் ஒட்டும். என் நோட்டில் ஒட்டாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

அவளுக்கு வாய் சும்மா இருக்காது. சந்திரன் பாடம் நடந்தபோது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முகத்துவாரத்தில் தண்ணீர் அதிகமாக ஏறும் என்று எழுந்து சொன்னாள். பாடத்தில் அது அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. 'முந்திரிக்கொட்டை' என்று திட்டி மிஸ் அவளை உட்காரவைத்தார். எனக்கு அந்த மாதிரித் தொல்லை எதுவும் கிடையாது. கைடில் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு நல்ல பிள்ளையாக இருந்தேன்.

அந்த வருடம் மாதவரத்தில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் சிறப்பு வகுப்பு நடக்கும் என்றும், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பத்துப் பேரை எடுப்பார்கள் என்றும் சொன்னார்கள். போனால் கம்ப்யூட்டர் தொடலாம், பெரிய பெரிய தேர்வுகளுக்குப் பயிற்சி தருவார்கள். அவள் வெளிப்படையாகவே ஆசைப்பட்டாள். "நானு பூந்துட்டன்னா எங்க நைனா என்ன பத்தாவதுக்கு மேலயும் படிக்க வுடும்மே" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். எனக்கும் ஆசைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பா, தேர்வு நடப்பதற்கு முன்னாலேயே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஆளைப் பொறுக்க வகுப்பிலேயே ஒரு தேர்வு வைத்தார்கள். மனத்திறன் கேள்விகள் இருபத்தைந்து. எல்லாம் ஒரு கைடிலிருந்து எடுத்தவை, அந்தக் கைடு என்னிடம் இருந்தது. பதினேழாவது கேள்வி இது: மாலை ஐந்து மணிக்கு ஒருவன் கடற்கரையில் கடலைப் பார்த்தபடி நிற்கிறான். அவன் நிழல் எந்தப் பக்கம் விழும்? கைடில் 'பின்னால்' என்று போட்டிருந்தது. நானும் 'பின்னால்' என்று எழுதினேன்.

எங்கள் பள்ளியில் பேப்பரை மிஸ் திருத்த மாட்டார். பக்கத்தில் இருப்பவளோடு மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் விடையை வாசிக்க வாசிக்க நாங்களே பென்சிலால் சரி, தப்பு போடுவோம். அவள் பேப்பர் என்னிடம், என் பேப்பர் அவளிடம். பதினேழுக்கு 'பின்னால்' என்று மிஸ் வாசித்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"மிஸ், அது தப்பு மிஸ். சாயங்காலம் கடல பாத்துகினு நின்னா வெயிலு முதுகுலதான் அடிக்கும். நெயலு முன்னாடிதான் வுயும்."

மிஸ் கைடைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா எழுதினே?"

"பின்னால், மிஸ்."

"பாத்தியா?" என்றார் அவளிடம். வகுப்பு சிரித்தது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருந்த பெண்கள்தான் அத்தனை பேரும். தினம் காலையில் கடல் பக்கம் எழும்பி, சாயங்காலம் ஊர்ப் பக்கம் இறங்குகிற சூரியனைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் ஓவியப் பீரியடில் நாங்கள் வரைந்த சாயங்காலச் சூரியன் எல்லாம் கடலில்தான் மறையும், யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நான் அவள் பேப்பரில் பதினேழுக்குத் தப்பு போட்டேன். கடைசியில் கூட்டிப் பார்த்தபோது எனக்கு இருபது, அவளுக்குப் பத்தொன்பது. ஒன்பது பேர் எங்களுக்கு மேலே இருந்தார்கள்.

சாயங்காலம் மணி அடித்ததும் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ரோட்டைத் தாண்டி, கரையில் கொட்டியிருந்த கருங்கல்லின் மேல் ஏறி, கடலைப் பார்த்து நின்றோம். முதுகில் வெயில் சுட்டது. எங்கள் இரண்டு பேருடைய நிழலும் கல்லைத் தாண்டித் தண்ணீரில் நீளமாகக் கிடந்தன. அவள் கையை ஆட்டினாள், தண்ணீரில் நிழலும் ஆட்டியது.

"இன்னா சொல்ற இப்ப?"

"எனக்குத் தெரியும்டீ" என்றேன்.

"தெரியுமா? அப்பறம் ஏன் அப்டி எய்துன?"

"கைடுல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தாள். நாளைக்கு மிஸ்ஸிடம் வந்து இதை மட்டும் சொல்லு, போதும் என்றாள். நான் சொன்னால் மிஸ் நம்புவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். இதையாவது யாரேனும் நம்ப வேண்டும்.

மறுநாள் என்றைக்கும் இல்லாமல் அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். என்னை ஆசிரியர் அறைக்கு அனுப்பிவிட்டு வராந்தாவில் நின்றாள். உள்ளே மிஸ் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். பத்தாவதாக என் பெயர், பச்சை மையில், ஈரம்கூடக் காயவில்லை. அந்தக் கேள்வியைச் சரி செய்தால் அவளுக்கு இருபது, எனக்குப் பத்தொன்பது. இந்தக் கணக்குக்குக் கைடு தேவைப்படவில்லை.

"என்னம்மா?" என்றார் மிஸ்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் மிஸ்?" என்று கேட்டேன்.

வெளியே வந்ததும் அவள், "சொன்னியா?" என்றாள்.

"சொன்னேன். மிஸ் ஒத்துக்கல."

அவள், "வுடுமே" என்று என் தோளில் கை போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். அன்றைக்கும் தொக்கு கொண்டுவந்திருந்தாள், அன்றைக்கும் எனக்குத்தான் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போனேன், மேலே படித்தேன், ஆசிரியை ஆனேன். அவள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். எங்களுக்குள் தொடர்பு விட்டுப்போகவில்லை. போன மாதம் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்திருந்தாள். மண்டபத்தில் அத்தனை கூட்டத்திலும் என்னைப் பார்த்து ஓடி வந்தாள், கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனாள். பட்டுப்பாவாடையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்து சொன்னாள்.

"சொல்லிகினே இருப்பன்ல, அது இவங்கதான். கிளாஸே என்ன பாத்து சிரிச்சப்ப எனக்கோசரம் மிஸ்ஸாண்ட போய் பேசுனது இவங்க ஒருத்தங்கதான். கால்ல வுயுந்து கும்புட்டுக்கோ."

அந்தப் பெண் எழுந்து குனிந்தாள். நான் அவள் தலையில் கையை வைத்தேன்.