பவளக்கா கழற்றிய அடைப்பான்கள்

கடந்த வாரம் எங்கள் நீச்சல்குளச் சங்கத்தின் நிர்வாகக் குழு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தது. மரண அறிவித்தலைச் சாதாரணத் தாளில் அச்சிடுவதா, கறுப்புக் கரை போட்ட தாளில் அச்சிடுவதா என்று நெடுநேரம் விவாதித்து, வாக்கெடுப்பு நடத்தினார்கள். கறுப்புக் கரை ஒரு வாக்கால் வென்றது. அந்தத் தாளில்தான் பவளக்கா இறந்துபோனதை நான் வாசித்தேன். "அமைதியும் பணிவும் நிறைந்த துப்புரவுப் பணியாளர்" என்று எழுதியிருந்தது. இந்த அஞ்சலிக் கூட்டத்தில், அவரை அறிந்த உங்கள் முன்னிலையில் அதை மறுக்கிறேன்.

ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கு வடக்கே உள்ள அந்தக் குளத்தில் நான் நுழைவுச்சீட்டுக் கொடுப்பவன். திறந்தவெளிக் குளம், குளிர்காலத்திலும் சூடாக்கிய நீர். நம் பெண்கள் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் நீந்தப் பழகியது அங்கேதான். பவளக்காவும் ஐம்பது வயதில் அங்கேதான் பழகினார். "தாழ்றதெண்டால் இவ்வளவு காசு குடுத்துத் தாழ மாட்டன்" என்று சொல்லிக்கொண்டே மிதந்தார். ஆனால் நகரசபை ஏற்கெனவே எச்சரித்திருந்தது: இனிப் பெரிய பழுது வந்தால் திருத்த மாட்டோம், குளத்தை மூடிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில், ஈரப்பனியின் பாரத்தில் மின்கம்பிகள் அறுந்தன. எங்களிடம் உறைபனிக் காப்புக் கருவி இருந்தது. குளிர் கூடினால் தானாகவே பம்பை ஓடவிட்டுக் குழாய்கள் உறையாமல் காக்கும். அதுவும் மின்சாரத்தில்தான் இயங்கியது. காலை பத்து மணிக்குப் பம்ப் கொட்டகையில் வாளித் தண்ணீர்மேல் பனி ஆடை படர்ந்திருந்தது. பம்புக்குள் நிற்கும் தண்ணீரும் உறைந்து விரிந்தால் பம்ப் வெடித்துவிடும்.

சங்கத் தலைவர் கோப்போடு நடந்தே வந்தார். தொழில்நுட்பவியலாளர் பனியில் அகப்பட்டு நிற்கிறார், அவர் வரும்வரை தகுதிச் சான்றிதழ் இல்லாத எவரும் இயந்திரத்தைத் தொடக்கூடாது என்றார். நான் உடனே சம்மதித்தேன். பவளக்கா குறடோடு உள்ளே போனார். ஒவ்வோர் ஆண்டும் தொழில்நுட்பவியலாளர் கோடையில் மட்டும் திறக்கும் எங்கள் மற்றக் குளத்தின் பம்பிலிருந்து குளிருக்கு முன் தண்ணீரை வடிக்கும்போது டோர்ச் பிடித்து நின்றவர் அவர்தான்.

"அக்கா, கை வைக்காதேங்கோ. வேலை போயிடும்."

"வேலை போனா வேறை தேடலாம். பம்ப் வெடிச்சா குளம் போயிடும். டோர்ச்சை இங்கால பிடி."

"இந்த வேலைக்கு அவுஸ்பில்டுங் படிச்சு முடிச்சனீங்களோ எண்டு தலைவர் கேக்கிறார்."

"உறைபனியும் அவுஸ்பில்டுங் முடிச்சுப்போட்டு வரேல்லை எண்டு சொல்லு அவருக்கு."

சற்று மரியாதை சேர்த்துத் தலைவருக்கு ஜேர்மனில் மொழிபெயர்த்தேன்.

முதலில் பிரதான சுவிட்சை அணைத்தார். மின்சாரம் திடீரென்று திரும்பி, தண்ணீர் இல்லாத பம்ப் ஓடினால் எரிந்துவிடும். பிறகு இரு பக்க வால்வுகளையும் மூடி, தண்ணீரை வடிப்பதற்காகப் பம்பின் அடியிலிருந்த அடைப்பானைத் திருகினார். அது அசையவில்லை. குடுவையிலிருந்த இஞ்சித் தேநீரை அதன்மேல் ஊற்றினார்.

"என்ன பாக்கிறாய்? உனக்கும் வேணுமோ?"

அடைப்பான் இளகியது, தண்ணீர் பாய்ந்து தலைவரின் சப்பாத்தை நனைத்தது. வடிகட்டியையும் அப்படியே வடித்தார். தொலைந்துபோகாமல் இருக்க இரண்டு அடைப்பான்களையும் தலைமுடியும் குப்பையும் சிக்கும் பம்பின் கூடைக்குள் போட்டு மூடினார். மூன்றாம் நாள் மின்சாரம் வந்ததும் அவற்றை எடுத்துப் பூட்டி, நீர் நிரப்பினார். பம்ப் ஓடியது.

அடுத்த வாரம் தலைவரின் எச்சரிக்கைக் கடிதம் பவளக்காவுக்கு வந்தது. இரண்டு பக்கங்களையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"பம்ப் வெடிச்சதெண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?"

"இல்லை, அக்கா."

"அப்ப ஏன் எழுதினவர்? கையெழுத்துப் போட ஏலாது."

பெற்றுக்கொண்டதாக மட்டும் கையொப்பமிடும்படி அந்தக் கடிதம் மேலும் இரண்டு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே திரும்பிப் போனது. பவளக்கா கடைசிவரை வேலையில் இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி. யாராவது விதிமீறல் பற்றி முறையிட்டால், ஏதும் வெடித்ததா என்றுதான் முதலில் கேட்கிறேன். இதனால் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. தொடர்ந்து கேட்பேன்.

அதே மின்தடையின்போது பக்கத்து ஊர்க் குளத்தில் தொழில்நுட்பவியலாளர் வரும்வரை விதிப்படி காத்திருந்தார்கள். அந்தக் குளம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிறுத்துகிறார்கள்.