என் மகள் தலைமேல் நான் வைத்த வேண்டுதல்

வங்கியிலிருந்து வந்த ஆள் சத்தம்கூடப் போடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டு, "மேடம், மூணு தவணை நிக்குது. இந்த மாசமும் கட்டலன்னா வீட்ல நோட்டீஸ் ஒட்டிருவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல," என்றார். கீழ் வீட்டு ஜன்னலில் திரை ஆடியது. எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் போன பிறகு மேலே ஏறாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீடு போய்விடும் என்று அன்றைக்குத்தான் உண்மையிலேயே பயந்தேன்.

கிருத்திகைதோறும் நம் பாராயணக் கூட்டத்தில் யாராவது ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார்கள். ரொம்ப நாளாக என்னையும் கேட்கிறீர்கள். நான்தான் "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று நழுவிக்கொண்டே வந்தேன். முருகன் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதால் இல்லை. கேட்டதை அப்படியே கொடுத்தான். நான் கேட்ட விதத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

தேனாம்பேட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலை எனக்கு. வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். வாடகை வீடுகளாக மாறி மாறி அலுத்துப்போய், ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய்ப் பக்கமாக ஒரு பழைய பிளாட்டை வங்கிக் கடனில் வாங்கியிருந்தோம். கடன் என் பேரில். அப்புறம் கொரோனா வந்தது. விமானமே பறக்காதபோது டிக்கெட் போடுகிறவளுக்கு என்ன வேலை? "வேலையை விட்டு எடுக்கலம்மா, சம்பளம் இல்லாத லீவுன்னு வெச்சுக்கோ," என்றார் மேனேஜர். அந்த லீவு நீண்டு நீண்டு ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரருக்குக் கடையில் பாதிச் சம்பளம், அதுவும் கடை திறந்தால். வங்கி கொடுத்த சலுகை மாதங்கள் முடிந்ததும் தவணை பழையபடி வந்து நின்றது. வளையல் போயிற்று, தோடு போயிற்று. கடைசியில் தாலிச் செயினும் போய், கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது.

பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்துக்கு எங்கே போவது? ஒரு நாள் காலையில் ஆன்லைன் வகுப்புக்குள் போக முடியவில்லை. நெட் சரியில்லை என்று சொன்னேன். சின்னவன் கவின் அப்போது இரண்டாம் வகுப்பு. நம்பினான், குதித்துக்கொண்டு ஓடினான். பெரியவள் அபி ஆறாம் வகுப்பு. நம்பவில்லை.

"பீஸ் கட்டலையாம்மா?"

"ஆமாடி."

"அப்ப நீயே சொல்லிக் குடு," என்று போய்ச் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் அப்படித்தான் தொடங்கியது. அபிக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி யாருக்கும் கிடையாது. எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு முடிப்பதற்குள் என் தோள் விட்டுப்போகும். பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஓடிய நாட்களில் அது எனக்குப் பெரிய தொல்லை. இப்போது அதுவே முதல் பீரியட் ஆயிற்று. ஒரு பக்கப் பின்னலுக்கு வரலாறு, மறுபக்கத்துக்கு அறிவியல். தப்பாகச் சொன்னால் பின்னியதை அவிழ்த்துவிடுவேன். "அநியாயம்மா!" என்று கத்துவாள். கவின் எதிரே உட்கார்ந்து வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டே ரிப்பனைத் திருடுவான்.

வட்டிக் கணக்கு எனக்கே மறந்துபோயிருந்தது. எங்கள் வீட்டுக் கடனை வைத்தே இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம். "இவ்ளோ கட்டியும் அசல் இத்துனூண்டுதான் குறைஞ்சுதா? நல்லா ஏமாத்துறாங்கம்மா உன்ன," என்றாள். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிள்ளைகளோடு அப்படி ஒட்டிக்கொண்டு நான் இருந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அப்போது அது உறைக்கவில்லை. கண்ணில் தவணை மட்டும்தான் இருந்தது.

வங்கி ஆள் வந்துபோன மறுநாள் வைகாசி விசாகம். இரண்டாவது அலை நேரம். கோயில்களையெல்லாம் சாத்திவிட்டார்கள். காலையில் வழக்கம்போல அபிக்குப் பின்னிவிட்டு, மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மயிலாப்பூர்க் கோயிலுக்கு நடந்தேன். கோபுரக் கதவு அடைத்துக் கிடந்தது. வாசலில் யாரோ ஏற்றிவிட்டுப் போன கற்பூரத்தின் கரி மட்டும் இருந்தது. உள்ளே சிங்காரவேலராக முருகன் இருக்கிறான். நடுவில் அவ்வளவு பெரிய கதவு. வாய்விட்டு அழுதேன். கேட்பதற்கு அந்த வீதியில் ஆள் இல்லை.

சாமியிடம் வெறுங்கையோடு கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். கொடுக்க என்ன இருக்கிறது? நகை இல்லை. என் முடியைத் தரலாம் என்றால் அது எலிவால். கவலையில் பாதி கொட்டிப்போனது. கொடுப்பதுதான் கொடுக்கிறோம், வீட்டில் இருப்பதிலேயே உசத்தியாகக் கொடுக்க வேண்டாமா என்று தோன்றியது. வீட்டில் இருந்ததிலேயே உசத்தி அபியின் முடி.

"முருகா, வீட்டக் காப்பாத்திக் குடு. வேலையத் திருப்பிக் குடு. எம் பொண்ணு முடிய உனக்குத் தர்றேன்," என்றேன்.

நம் வழக்கம்தானே இது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பழனியில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறோம். குழந்தையையா கேட்கிறோம்? அபி கைக்குழந்தை இல்லை, பன்னிரண்டு வயதுப் பெண் என்பது அந்த வாசலில் எனக்கு நினைவே வரவில்லை.

அந்த வாரமே மேனேஜர் போன் செய்தார். "செல்வி, துபாய்லயும் மஸ்கட்லயும் நம்மாளுங்க ஏகப்பட்ட பேர் மாட்டிக்கினு இருக்காங்க. ஸ்பெஷல் பிளைட் விடறாங்க. உனக்குத்தாம்மா அந்த ரூட்டு அத்துப்படி. வீட்ல இருந்தே பண்றியா?" என்றார். பண்றியாவா! போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முழுச் சம்பளம் இல்லை, ஆனால் தவணைக்குப் போதும். வங்கியில் போய்ப் பேசினேன். காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள். எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டப்படவில்லை. பள்ளிக்கட்டணமும் கட்டினோம். இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

கோயில் திறந்ததும் வீட்டுக்காரரிடம் வேண்டுதலைச் சொன்னேன். "நேந்தாச்சு. இனிமே என்ன பேச? செஞ்சிர வேண்டியதுதான்," என்றார். அபியிடம் நானே சொல்ல வேண்டும். மறுநாள் காலையில், பின்னலைப் பாதியில் வைத்துக்கொண்டு சொன்னேன். முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

திரும்பாமலே, "எப்ப வேண்டிக்கிட்ட?" என்றாள்.

"விசாகத்தன்னிக்கு."

"அன்னிக்குக் காலையில எனக்குத் தல பின்னினியே."

"ஆமா."

"திரும்பி வந்துகூட சொல்லல. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேம்மா. நீ கேக்கல."

பாதிப் பின்னலை என் கையிலிருந்து உருவிக்கொண்டு எழுந்துபோனாள்.

வடபழனி முருகன் கோயிலுக்கு மொட்டை போடப் போவதற்கு முதல் நாள், மனசு கேட்காமல், மல்லிகையும் கனகாம்பரமும் வாங்கி வந்தேன். ஜடை தைத்து, பின்னால் கண்ணாடி வைத்து ஒரு படம் எடுத்துவிடலாம் என்று ஆசை. அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஊர்ல வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டுக்கு மாலை போடுவாங்களே, அதுவாம்மா?" என்றாள். பூவை அப்படியே கொண்டுபோய் சாமி படத்துக்குப் போட்டேன். அந்த முடியோடு அவளுக்கு ஒரு நல்ல படம்கூட எங்களிடம் இல்லை.

வடபழனியில் அபி தானாகவே போய் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து, கத்தி வைத்தார்கள். இத்தனை மாதம் நான் வரலாறும் அறிவியலும் சொல்லிக்கொடுத்த, அன்று அவளே போட்டுக்கொண்டு வந்த இரண்டு பின்னல்களும் முதலில் விழுந்தன. "எனக்கும் போட்டுருங்க," என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் எலிவாலும் விழுந்தது. "பாத்தியா, அம்மாவும் போட்டுக்கிட்டேன்," என்றேன். அபி என் பக்கம் திரும்பவில்லை. அவள் அழவில்லை. சந்தனம் பூசிக்கொண்டு, சன்னதியில் கைகூப்பி நின்று, ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பள்ளி திறந்தபோது முடி இன்னும் முள் முள்ளாகத்தான் இருந்தது. தலையில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டு போனாள். அங்கே என்ன கேட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கும் இருக்கவில்லை. முடி வளராமல் என்ன, வளர்ந்தது. தோளைத் தொட்டதும் மந்தைவெளியில் ஒரு பார்லருக்குத் தானே போய்க் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் வளர விட்டாள். இப்போது நல்ல நீளம். ஆனால் அவளே சீவிக்கொள்கிறாள். அன்றைக்கு எழுந்துபோனவள் இன்றுவரை என் முன்னால் சீப்போடு உட்காரவில்லை. கோபமா என்றால் இல்லை. நன்றாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறாள். அதுதான் இன்னும் வலிக்கிறது. சண்டை போட்டால் சமாதானமாவது பேசலாம்.

முழு வேலை திரும்பிய பிறகு, கையில் கூடுதலாக வந்ததையெல்லாம் அசலில்தான் போட்டோம். போன தைப்பூசத்துக்கு முன்னால் கடன் முடிந்தது. வீட்டுக்காரர் பத்திரத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, "எல்லாம் அவன் செயல்," என்றார். ஆமாம், அவன் செயல்தான். நான் விழுந்து கும்பிட்டேன். கும்பிடும்போது என் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லையே என்று ஒரு நினைப்பு. ஒரு வீட்டின் அடகை மீட்க, கேட்காமல் இன்னொருத்தியின் தலையை அடகு வைத்தேன். வங்கி பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டது. அந்தக் காலை நேரத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

இந்த வருஷம் அபி ப்ளஸ் டூ. பரீட்சைக்கு வேண்டிக்கொள்ள நினைத்ததும், நேராக அவளிடம் போனேன். "உனக்காக முருகன்கிட்ட ஒண்ணு வேண்டிக்கவா?" என்றேன்.

"என்ன குடுக்கப் போற?" கண்ணில் ஒரு உஷார்.

"என் காபி. ரிசல்ட் வர்ற வரைக்கும்."

"காபி இல்லாம நீயா? வீட்ல யாரும் இருக்க முடியாது." சிரித்துவிட்டாள். அப்புறம், "சரி, வேண்டிக்கோ," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக முருகனுக்குத் தனியாக ஒரு விளக்கு போட்டேன்.

அடியார்களே, அவனை நம்புங்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டாலும் அவன் காதில் விழும். அதற்கு நான் சாட்சி. வேலை போனாலும், வீடு போகும்போல இருந்தாலும், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நின்றாலும், போய்க் கேளுங்கள். உங்கள் பசியை, உங்கள் தூக்கத்தை, உங்கள் நடையைக் கொடுங்கள். மற்றவருடையதைக் கொடுப்பதாக இருந்தால், அவனிடம் சொல்வதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முருகன் அவசரப்படுத்துகிறவன் இல்லை. நான்தான் அவசரப்பட்டேன்.

இதையும் அபியைக் கேட்காமல் தர எனக்கு மனசில்லை. எழுதி முடித்ததும் அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். நான் அடுப்பைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே நின்றேன்.

"குடு, பரவால்ல. ஆனா ஒண்ணு தப்பா எழுதியிருக்க."

"என்னடி?"

"நான் அழலன்னு எழுதியிருக்க. வீட்டுக்கு வந்து குளிக்கறப்ப அழுதேன். தண்ணிய ஃபுல்லா திறந்து விட்டுட்டு. அதையும் எழுதிரு."

எழுதிவிட்டேன்.