மோர் ஊற்றலாமா என்று நாடி பார்த்தது

மனைவி தன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வந்து மதியச் சோறு போட்டாள். அந்தத் தைல வாசம் மூக்கில் ஏறியதும், சின்ன வயதில் அம்மா என்னைக் கூட்டிப்போன, இப்போது செல்போன் கடையாகிவிட்ட சூலூர் வைத்தியசாலைக்கு நினைப்பிலேயே போய்விட்டேன்.

உள்ளே கஷாயம் கொதிக்க, சாக்குகளில் சுக்கும் காய்ந்த வேர்களும் மணக்க, பக்கத்துத் தறிகள் சடக் சடக்கென்று சுவரையே அதிரவைக்க, வைத்தியர் கண்ணை மூடி என் மணிக்கட்டைப் பிடிப்பார்; அவருக்குக் கேட்பது என் நாடியா தறியா என்று எனக்குச் சந்தேகம். கோடையில் போனால் பித்தம், மோர் நிறையக் கொடுங்கள் என்பார். மழைக்காலத்தில் கபம், மோரே ஆகாது என்பார்.

"ஏனுங்க, போன தடவ பித்தம்னீங்க?" என்று அம்மா கேட்பாள்.

"அது கோடைங்க அம்மணி. காலம் மாறுனா ஒடம்பும் மாறுமுங்க."

மோர் இல்லாமல் சோறு இறங்காத எனக்கு இது உயிர்ப் பிரச்சினை. காலையில் விழித்ததும், இன்றைக்கு நான் பித்தமா கபமா என்று என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்ப்பேன். தறிச் சத்தம் இல்லாததாலோ என்னவோ, ஒன்றும் பிடிபடாது.

இன்றைக்கும் அதே குழப்பம்தான். சித்திரை மாதம், காலையில் மண்டை காயும் வெயில், இப்போது இடியோடு மழை. இதற்கு எந்த உடம்பாக மாறுவது?

"மோர் ஊத்தட்டுங்களா, வேண்டாமுங்களா? சொம்பு கனக்குதுங்க" என்றாள் மனைவி.

"இரு அம்மணி, நாடி பாத்துட்டிருக்கறேன்."

என் மணிக்கட்டையும் முகத்தையும் பார்த்தவள், பாதிச் சோற்றுக்கு மட்டும் ஊற்றிவிட்டுப் போனாள்.